பச்சைன்னா ஒண்ணு, சிவப்புன்னா ரெண்டு

ஆபீஸ்ல அவளுக்குப் பேரு தத்துவம். பெத்தவ வெச்ச பேரு ஒண்ணு இருந்துச்சு, அது சம்பளச் சீட்டுல மட்டும்தான் வரும். வீட்ல பெரியவ. ரெண்டு பொண்ணு பொறந்த வீட்ல மூத்தவள வேற எப்படிக் கூப்பிடுவாங்க?

காலேஜ்ல தத்துவம் படிச்சா. ஆசைப்பட்டு ஒண்ணும் இல்ல, அந்த வகுப்புலதான் இடம் காலியாக் கெடந்துச்சு. "அத வெச்சு என்னடி பண்ணுவே?"ன்னு சித்தி கேட்டதுக்கு, "யோசிப்பேன்"னா. யோசிச்சா அடுப்பு எரியுமா? எரியல. நாலு வருஷம் மருந்துக்கடையில நின்னு மாத்திரை எடுத்துக் குடுத்தா. நடுவுல ஒரு கல்யாணம். அந்த ஆளு ரெண்டு வருஷம் இருந்தான், மூணாவது வருஷம் வேற ஒருத்தியோட கெளம்பிட்டான். கூடவே இருந்து உயிர வாங்கறவனுக்கு ஓடிப் போனவன் எவ்வளவோ தேவலாம். இவளும் அழல. மூக்கச் சிந்திட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டா.

அப்பதான் அந்த வேலை வந்துச்சு. ஜனங்க போன்ல ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறாங்க, படம் போட்டுக்கிறாங்க, அடுத்த வீட்டுக்காரி என்ன சட்டை போட்டான்னு எட்டிப் பாக்கறாங்க இல்ல, அத நடத்தற ஆபீஸ். ஆளுக்கு ஒரு பக்கம். ஆனா ஜனங்க சும்மா இருப்பாங்களா? ஒருத்தனே நாலு பக்கம் தொறப்பான். போனத் தொலைச்சவன் புதுசா ஒண்ணு தொறப்பான். எவனோ ஒரு திருட்டுப்பய அடுத்தவன் மூஞ்சிய ஒட்டிக்கிட்டு அவன் மாமன்கிட்டயே கைமாத்து கேப்பான். எந்தப் பக்கமும் எந்தப் பக்கமும் ஒரே ஆளு, எது வேற ஆளுன்னு மெஷினுக்குத் தெரியல. இஞ்சினியருங்க மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க. கடைசியில மேனேஜர், "ஆளுன்னா என்னன்னு படிச்சவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கய்யா"ன்னுட்டாரு. அந்த மேனேஜருக்குப் பேரு சிரிச்சமூஞ்சி. வேலைய விட்டுத் தூக்கறப்பகூட பல்லக் காட்டிக்கிட்டுதான் தூக்குவாரு.

அவரு இவளக் கேட்டாரு: "ஆளுன்னா என்னம்மா?"

"முகம் இல்ல சார். அது வருஷத்துக்கு வருஷம் மாறும். பேரு யாரு வேணா வெச்சுக்கலாம். நம்பரு போனோட போயிடும். பழக்கம்தான் சார் ஆளு. எப்ப முழிக்கிறான், எதப் பாத்து நிக்கிறான், யார மொதல்ல விசாரிக்கிறான், பேச்ச எப்படி முடிக்கிறான். அத ஒண்ணொண்ணா உரிச்சு எடுத்துட்டா உள்ள ஒண்ணும் இருக்காது. வெங்காயம்."

"சரி, ரெண்டு பேருக்கு ஒரே பழக்கம் இருந்துட்டா?"

"அப்படி ஒருத்தி இனிமே பொறந்துதான் வரணும். வந்தா வேஷம் போடறான்னு அர்த்தம். அந்தப் பழக்கம் யாருகிட்ட மொதல்ல இருந்துச்சோ அவ நெசம். பின்னால வந்தவள மூடிடுங்க."

வந்திருந்த இஞ்சினியருங்க தொடையத் தட்டிச் சிரிச்சாங்க. அப்படியே எழுதிக்கிட்டாங்க. ஆறு மாசத்துல மெஷின் அந்தப் பேச்சு மேலயே ஓட ஆரம்பிச்சுது. விதி எழுதினவளுக்கு மகுடமா வெச்சாங்க? ஒரு நாற்காலி போட்டு, "நீயே உக்காந்து பட்டனையும் அமுக்கு"ன்னாங்க.

அந்த ரூமுக்கு ஜன்னல் கெடையாது. அறுவது பேர், அறுவது ஸ்கிரீன். ஏசி குளிர்ல வெரலு வெறைக்கும், எல்லாரும் போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி. போன உள்ள கொண்டு போகக் கூடாது, வாசல்ல பெட்டியில வெச்சுப் பூட்டணும். ஸ்கிரீன்ல ஒரு நேரத்துல ரெண்டு பக்கம் வரும், எடது ஒண்ணு, வலது ஒண்ணு. முகம் இருக்க வேண்டிய எடத்துல சாம்பல் கலர்ல ஒரு வட்டம். பேரு வர்ற எடத்துல சாம்பல் கோடு. முகத்தப் பாத்தா மனுஷன் எரக்கப்பட்டுடுவான்னு அப்படி. பழக்கம் மட்டும் தெரியும். எத்தன மணிக்கு வந்தாங்க, என்ன எழுதினாங்க, என்ன எழுதி அனுப்பாம அழிச்சாங்க எல்லாம். அடியில ரெண்டு பட்டன். பச்சைய அமுக்கினா ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும். மூத்த பழக்கக்காரரோட பேரும் முகமும் நிக்கும், மத்தது அதுக்குள்ள கரைஞ்சிடும். சிவப்ப அமுக்கினா ரெண்டு. பின்னால வந்தது வேஷம்னு மூடிடும். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம். ஏழு வருஷமா அதான் வேலை. பக்கத்து நாற்காலியில சோடாபுட்டி. கண்ணாடிய எடுத்தா பட்டனும் தெரியாது, பக்கமும் தெரியாது, நல்ல மனுஷன்.

"தத்துவம், ஒரு நாளைக்கு எத்தன பேர காலி பண்றோம்?"

"காலி பண்ணல, சேத்து வெக்கிறோம்."

"கல்யாணத் தரகரும் அததான் சொல்வான்."

வீட்ல ஒரு காலத்துல மூணு பொம்பளைங்க. அம்மா துணி ஃபேக்டரியில முப்பது வருஷம் பட்டன் ஓட்டைக்கு காஜா எடுத்தவ. புருஷன் செத்தப்பவும் மறுநாளே வேலைக்குப் போனா, வயிறு சும்மா இருக்குமா? சட்டைத் தோள்ல எப்பவும் நூல் கோத்த ஊசி ஒண்ணு குத்தி வெச்சிருப்பா. ரிட்டயர் ஆகியும் அந்த ஊசி இறங்கல. பேச்சு கம்மி. சாப்பாட்ட வெச்சிட்டு "ம்"ம்பா, வெளிய போனா "கதவச் சாத்து"ம்பா. அவ்வளவுதான். பெரியவளும் அதே அச்சு. ரெண்டும் எதிரெதிர உக்காந்தா சுவத்துப் பல்லிதான் பேசணும்.

சின்னவ வேற தினுசு. ஒரு பல் டாக்டர்கிட்ட வரவேற்புல உக்காந்திருந்தா. வாய் மூடாது. எழுதறதும் போன்ல பேசற மாதிரியே எழுதுவா. "இருக்கியா?"ன்னு கேப்பா, பதிலுக்கு நிக்க மாட்டா. மடமடன்னு நாலு வரி அனுப்புவா, அதுல ரெண்டாவத "இல்ல இல்ல, அத விடு"ன்னு அழிச்சிடுவா, கடைசியில "சரி, வெச்சிடறேன்"ம்பா. எழுதினதுல என்னத்தடி வெக்கிறேன்னு பெரியவ திட்டுவா. அப்பவும் "சரி, வெச்சிடறேன்"தான். பெரியவ சிரிக்கிறது ஒருத்திகிட்டத்தான், அவகிட்டத்தான்.

ஒரு மழைக்காலக் காலையில சின்னவளோட ஸ்கூட்டர் சறுக்கி லாரிக்கு அடியில போயிடுச்சு. முப்பத்தி ரெண்டு வயசு. வீட்டுக்குத் திரும்பி வந்தது அவ பையும் போனும்தான். போன்ல ஒரு கீறல்கூட இல்ல. அத அம்மா எடுத்து வெச்சுக்கிட்டா. புருஷன் செத்தா வீட்ல ஒரு நாற்காலி காலியாகும். பொண்ணு செத்தா எல்லா நாற்காலியும் காலிதான், மேல ஆளு உக்காந்திருந்தாலும்.

பதினோரு மாசம் ஆச்சு. ஒரு செவ்வாக்கெழம காலையில பதினோரு மணி இருக்கும். ஸ்கிரீன்ல ரெண்டு பக்கம் வந்துச்சு. மெஷின் மேல, ஒரே ஆளுதான்னு மார்க் போட்டிருந்துச்சு: நூத்துக்குத் தொண்ணூத்தி ஏழு. எடது பக்கம் பதினோரு மாசமா சும்மா கெடக்கு. வலது பக்கம் நாலு மாசத்துக்கு முன்னால தொறந்தது. பாக்காமலே பச்சைய அமுக்கிட்டுப் போயிருக்கலாம். கை போச்சு. கண்ணு எடது பக்கத்துக் கடைசி வரியில நின்னுச்சு.

"சரி, வெச்சிடறேன்."

பெரியவ போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டா. மேல தள்ளித் தள்ளிப் படிச்சா. சின்னவளேதான். சாம்பல் வட்டத்துக்குள்ள அவ பல்லுகூடத் தெரியற மாதிரி இருந்துச்சு. சரி, செத்தவ பக்கம் வந்துடுச்சு, வரட்டும். அப்ப வலது பக்கம் யாரு?

படிச்சா. வலது பக்கமும் காலையில ஏழு மணிக்கு கால் மணி முன்னால முழிக்குது, சின்னவ மாதிரி. மத்தியானம் ஒண்ணு பத்துக்கு வருது, சின்னவ சாப்பிடற நேரம். "இருக்கியா?"ங்குது. நாலு வரி எழுதுது, ரெண்டாவத அழிக்குது. சின்னவ சிநேகிதி ஒருத்தி கேட்டிருக்கா: "நீ இல்லன்னு சொன்னாங்களே?" அதுக்கு பதில்: "யாரு சொன்னா? நான் எங்க போவேன்? சரி, வெச்சிடறேன்."

பெரியவளுக்கு காது அடைச்சுப் போச்சு. சோடாபுட்டி ஏதோ கேக்கறான், கெணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி கேக்குது. இன்னும் கீழ போனா. மெஷின் பேர மறைக்கும், ஆனா உறவ மறைக்கத் தெரியாது. அன்னிக்குக் காலையில எட்டே காலுக்கு வலது பக்கம் யாருக்கோ எழுதியிருந்துச்சு:

"பெரியவ இன்னிக்கும் குடை எடுக்காம போயிட்டா."

எடுக்கலதான். கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கிட்டு இருந்தத அவளே பாத்துட்டு, தூறல்தானேன்னு விட்டுட்டு வந்தா. அது வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். வீட்ல இருக்கறது ரெண்டே பேரு. ஒருத்தி இங்க உக்காந்திருக்கா.

அடியில இன்னொரு கட்டம். எழுதி அனுப்பாம அழிச்சது: எரநூத்திப் பன்னெண்டு. எல்லாம் ஒரே ஆளுக்கு. அந்த ஆளோட பேர் எடத்துல சாம்பல் கோடு. தொறந்து பாத்தா, ஒவ்வொண்ணும் ஒரே வார்த்தைதான். "இருக்கியா?" "இருக்கியா?" "இருக்கியா?"

நாலு நிமிஷம் முடியப் போகுதுன்னு மணி அடிச்சுது. ஒரு பக்கத்த ஒரே ஒரு நாள் தள்ளிப் போட விதியில எடம் உண்டு. தள்ளிப் போட்டா.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தா அம்மா ஜன்னலோரம் உக்காந்திருந்தா. அது சின்னவ உக்கார்ற எடம். ஒரு கால மடக்கி, ஒரு கால ஆட்டிக்கிட்டு. அறுவத்தி மூணு வயசுப் பொம்பள காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கறத எத்தன நாளா இவ பாக்காம இருந்திருக்கா! மக வர்றப்போ என்னைக்குமே "ம்"னு சொல்றவ, திரும்பிப் பாத்து, "இருக்கியா?"ன்னா.

தோள்ல ஊசி இல்ல. முப்பது வருஷம் குத்தின எடத்துல சின்னச் சின்ன ஓட்டைதான் இருந்துச்சு.

"ஊசி எங்கம்மா?"

"எந்த ஊசி?"

பெரியவ அங்கயே தரையில உக்காந்துட்டா. அம்மா மடமடன்னு பேச ஆரம்பிச்சா. கீழ் வீட்டுக்காரன் தண்ணிய வீணாக்கறான், பூனை குட்டி போட்டிருக்கு, இல்ல இல்ல அத விடு, மழை வரும் போல இருக்கு. சின்னவ மாதிரி நடிச்சா பரவாயில்ல. நடிப்புன்னா எங்கயாவது இடிக்கும். இது இடிக்கல. பேசி முடிச்சிட்டு, மகளோட முகத்த நேருக்கு நேராப் பாத்துக்கிட்டே அம்மா சொன்னா:

"சரி, வெச்சிடறேன்."

சொல்லிட்டு எழுந்து அடுப்புப் பக்கம் போயிட்டா. பெரியவளும் பின்னாலயே போனா.

"அம்மா, அந்தப் பக்கத்த நீதான் தொறந்தியா?"

அம்மா பாத்திரத்த வெச்சிட்டு நின்னா.  அப்புறம் வந்தது பழைய குரல், காஜா எடுத்த குரல்.

"எனக்கு எழுதத் தெரியுமாடி? நாலாம் கிளாசோட நின்னவ. அவ போன்ல அவ எழுதினத எல்லாம் படிச்சேன். ஒரு தடவயா, ரெண்டு தடவயா? அவ வார்த்தைய விட்டா எனக்கு வேற வார்த்தை வரல. அவ முழிக்கிற நேரத்துக்கு போன் மணி அடிக்கும், முழிச்சேன். அவ சாப்பிடற நேரத்துக்கு சாப்ட்டேன். அவ்வளவுதான்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? நீ என்கூட என்னைக்குடி பேசினே? முப்பத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு சிரிப்புக் காட்டியிருப்பியா? அவகிட்டத்தானே பேசுவே. அவளா வந்தாலாவது பேசுவியோன்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் உனக்கு எழுதுவேன், அனுப்ப தைரியம் வராது, அழிச்சிடுவேன்."

 படிச்ச தத்துவமெல்லாம் எங்க போச்சோ! ஒரு வார்த்தை, "பேசறேம்மா"ன்னு சொல்லியிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். பழக்கம் விடுமா? பெரியவ "ம்"ன்னுட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் நேரா சிரிச்சமூஞ்சிகிட்ட போனா. யாரு எவருன்னு சொல்லாம, சும்மா சந்தேகம் கேக்கற மாதிரி கேட்டா.

"சார், ஒருத்தி வேஷம் போடல. திருடவும் இல்ல. ஆனா இன்னொருத்தியோட பழக்கம் மொத்தமும் அவளுக்கு வந்துடுச்சு. மூணாவதா ஒரு பட்டன் வேணும் சார்."

"மூணாவது பட்டன்ல என்ன எழுதறது?"

"தெரியல சார்."

"தெரியாதத மெஷின்ல எப்படிம்மா எழுதுவாங்க?" பல்லெல்லாம் தெரிஞ்சுது. "அதுல ஒருத்தர் செத்துகித்து போயிட்டாரா? அப்படின்னா சொல்லு, ரெண்டையும் பூட்டி உள்ள போட்டுடலாம். எழுதினது, படம், எல்லாம்."

"இல்ல சார். உயிரோடதான் இருக்காங்க."

"அப்ப உன் விதிதானேம்மா? நீதானே சொன்னே, வெங்காயம்னு."

திரும்பி வந்து உக்காந்தா. பச்சைய அமுக்கினா சின்னவ முகம் வரும், சின்னவ பேரு வரும், காலையில ஏழுக்கு கால் மணி முன்னால முழிக்கும், எல்லாருக்கும் எழுதும். ஊரே சின்னவ வந்துட்டாம்பாங்க. அம்மா அதுக்குள்ள கரைஞ்சிடுவா. பக்கத்துல மட்டுமா கரைவா? நேத்து ஜன்னலோரம் பாத்தது கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. செத்தவளுக்காக உயிரோட இருக்கறவள குடுக்கறதா?

சிவப்ப அமுக்கினா. வலது பக்கம் அணைஞ்சுது. ஒரு நிமிஷம், வெளக்க ஊதின மாதிரி சாம்பல் வட்டம் மட்டும் நின்னு, அதுவும் போச்சு.

வீட்டுக்கு வந்தா அம்மா கையில போன வெச்சுக்கிட்டு நின்னா. "இந்தப் பக்கம் இல்லை"ன்னு அதுல எழுதியிருந்துச்சு. நாலாம் கிளாஸ் படிப்புக்கு அது நல்லாவே புரிஞ்சுது.

"மறுபடியும் செத்துட்டாடி"ன்னா.

அதோட சரி. அம்மா அம்மாவா திரும்பி வருவான்னு இவ நெனச்சா. வரல. சின்னவ பழக்கம் போச்சு, தன்னோட பழசும் வரல. அந்த உடம்புல ஒண்ணுமே இல்ல. நாற்காலியில உக்கார வெச்சா உக்காருவா, எழுப்பினா எழுவா. தட்டு வெச்சா வெச்ச எடத்துல இருக்கும். கண்ணு மட்டும் தொறந்திருக்கும். உரிச்சு உரிச்சு வெச்ச வெங்காயம்னா அதான். ஆறாம் நாள் டாக்டர் வந்து பாத்துட்டு, "ஒடம்புல ஒண்ணும் இல்லையே"ன்னாரு. அததான் பெரியவளும் சொன்னா, "ஒண்ணும் இல்ல டாக்டர்"ன்னு. அவரு வேற அர்த்தத்துல தலைய ஆட்டிட்டுப் போனாரு.

ஏழாம் நாள் மத்தியானம் ஒண்ணு பத்துக்கு பெரியவ ஆபீஸ் வாசலுக்கு வந்தா. பெட்டியத் தொறந்து போன எடுத்தா. தன் பக்கத்துல இருந்து, காலையில அம்மா போன்ல அம்மா பேருக்கே தொறந்து வெச்சிட்டு வந்த புதுப் பக்கத்துக்கு எழுதினா.

"இருக்கியா?"

 அப்புறம் மடமடன்னு நாலு வரி. ரெண்டாவத அழிச்சா. "சரி, வெச்சிடறேன்."

சாயந்தரம் வந்து பாத்தா தட்டு காலி.

அப்புறம் விட முடியுமா? காலையில ஏழுக்கு கால் மணி முன்னால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு பத்துக்கு ஒண்ணு, டீ நேரத்துக்கு ஒண்ணு. அம்மா கண்ணுல கொஞ்சம் கொஞ்சமா ஆளு ஏறிச்சு. மூணாவது வாரம் தோள்ல ஊசி வந்து உக்காந்துச்சு. பெரியவ அதப் பாத்து வாசல்லயே நின்னு அழுதா, புருஷன் ஓடினப்பகூட அழாதவ. அம்மா, "கதவச் சாத்து"ன்னா. கேக்கவே எவ்வளவு நல்லா இருந்துச்சு!

ஆனா சாத்தினதுக்கு அப்புறம் அம்மா கூப்பிட்டது, "வா, சின்னவளே."

இவளும் போனா. ஜன்னலோரம் உக்காந்தா, ஒரு கால மடக்கிக்கிட்டு. கீழ் வீட்டுக்காரனப் பத்திப் பேசினா, பூனையப் பத்திப் பேசினா. அம்மா சிரிச்சா. இவளும் சிரிச்சா, வாய் விட்டு. முப்பத்தெட்டு வருஷத்துல மொத தடவ ரெண்டு பேரும் ஒண்ணா சிரிக்கிறாங்க. அதுல யாரு சிரிச்சாங்கன்னு மட்டும் கேக்கக் கூடாது. கொஞ்ச நாள்ல மணி அடிக்காமலே ஏழுக்கு கால் மணி முன்னால முழிப்பு வந்துச்சு. ஆபீஸ்ல சோடாபுட்டி ஒரு நாள் உத்துப் பாத்தான்.

"தத்துவம், இப்பல்லாம் கால ஆட்டறே. மேஜை ஆடுது, பட்டன் ரெண்டாத் தெரியுது."

"உனக்கு எப்பவுமே ரெண்டாத்தான் தெரியும். இல்ல இல்ல, அத விடு."

சொல்லிட்டு அவளே வாயப் பொத்திக்கிட்டா. அது யாரு பேச்சுன்னு அவளுக்குத் தெரியாதா?

மூணு மாசம் ஆச்சு. மத்தியான வேளை. சோடாபுட்டி தன் ஸ்கிரீனத் திருப்பினான்.

"இத ஒரு தடவ பாரேன். விசித்திரமா இருக்கு. எடது பக்கம் ஒரு வருஷத்துக்கு மேல சும்மாக் கெடக்கு. வலது பக்கம் புதுசு இல்ல, ஏழெட்டு வருஷப் பழசு. முன்னால ஒண்ணுமே எழுதாத கல்லுளிமங்கன். மூணு மாசமா ஆளே மாறிடுச்சு. மெஷின் தொண்ணூத்தி எட்டு போட்டிருக்கு. ஒண்ணா, ரெண்டா?"

பெரியவ பாத்தா. எடது பக்கத்த அவளுக்குத் தெரியும். வலது பக்கத்துலயும் சாம்பல் வட்டம், சாம்பல் கோடு. கீழ, காலையில எழுதின வரி: "நேத்து நீ தெச்ச பட்டன் நல்லா இருக்கு. சரி, வெச்சிடறேன்." இவ சட்டையில அந்தப் பட்டன் இருந்துச்சு. தொட்டுப் பாத்தா.

"இது நான்தான்"னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா சிரிச்சமூஞ்சி ரெண்டையும் பூட்டிடுவாரு. சின்னவ எழுதினது அத்தனையும் போயிடும். சிவப்புன்னு சொன்னா இவ பக்கம் அணைஞ்சிடும், நாளைக்கு ஒண்ணு பத்துக்கு அம்மா போன் பேசாது. மறுபடியும் அந்தத் தட்டு. மறுபடியும் அந்தக் கண்ணு. ஆறு நாள் பாத்தது போதாதா? மூணாவது சாவ அந்த உடம்பு தாங்குமா? பச்சைன்னா சின்னவ இருப்பா, அம்மா இருப்பா. யாரு இருக்க மாட்டான்னு சோடாபுட்டிக்குத் தெரியாது.

"சீக்கிரம் சொல்லு தத்துவம், மணி அடிக்கப் போகுது. விதி எழுதினவளே யோசிச்சா எப்படி?"

"ஒண்ணுதான்"னா. "எல்லாம் ஒண்ணா இருக்கில்ல. ஒண்ணுதான்."

அவன் பச்சைய அமுக்கினான். வலது பக்கம் மெதுவா நகர்ந்து எடது பக்கத்துக்கு மேல போய்ப் படுத்துச்சு.

சாயந்தரம் பெட்டியத் தொறந்து போன எடுத்தா, சின்னவ முகம் சிரிக்குது, பல்லெல்லாம் தெரிய. அவ பேரு. தன் பேரத் தேடினா, எங்கயும் இல்ல. பன்னெண்டு பேரு எழுதியிருந்தாங்க. "வந்துட்டியா!" "எங்கடி போயிருந்தே?" "எனக்குத் தெரியும், நீ வருவேன்னு." பல் ஆஸ்பத்திரி சிநேகிதி அழுதுகிட்டே ஒரு படம் அனுப்பியிருந்தா. பெரியவ எங்கன்னு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளுகூடக் கேக்கல. ஏழு வருஷமா அவ எத்தன பேர அமுக்கினா, அதுல எத்தன பேர யாருமே கேக்கலயோ!

மழை பிடிச்சுக்கிச்சு. நனைஞ்சுகிட்டே நடந்தா. மருந்துக்கடைக் கண்ணாடியில தன் உருவத்தப் பாத்தா, உள்ள இருந்தது ஒரு கால ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. இவ நின்னா. அதுவும் நிக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிச்சு.

கதவத் தட்டினா. அம்மா தொறந்தா. தோள்ல ஊசி பளபளன்னு, நூலோட. இவ முகத்த நல்லாப் பாத்தா. அப்புறம் இவ தோளுக்கு மேல எட்டி, பின்னால இருக்கற தெருவப் பாத்தா. யாரும் வரல.

"பெரியவ எங்கடி? குடைகூட எடுக்காம போனா. இன்னும் காணோமே?"

கதவுக்குப் பின்னால ஆணியில குடை தொங்கிட்டு இருந்துச்சு. இவ அதப் பாத்தா. "நான்தாம்மா"ன்னு சொல்ல வாயத் தொறந்தா. வந்தது வேற.

"வந்துடுவாம்மா. நீ சாப்ட்டியா?"

அம்மா தலைய ஆட்டினா. உள்ள போகத் திரும்பினா. முப்பத்தெட்டு வருஷமா கதவச் சாத்து, கதவச் சாத்துன்னு சொன்னவ, அன்னிக்கு அந்தக் கதவ ஒருக்களிச்சுத் தொறந்தே விட்டுட்டுப் போனா, பெரியவ வர்றதுக்கு.